அடுத்த வகுப்பில் பார்க்கலாம்

பத்தாம் வகுப்புக் குடிமையியலில் 'இந்திய அரசியலமைப்பு' பாடத்தைப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அதில் அடிப்படை உரிமைகளுக்கு நான் ஒதுக்குவது ஒரே ஒரு பாடவேளை. ஆறு உரிமைகளின் பெயர்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் சொல்லி, முக்கியமான வினாக்களுக்குக் குறியிட்டுக் கொடுத்துவிடுவேன். மாணவர்களும் தேர்வில் குறையின்றி எழுதிவிடுவார்கள். சென்ற கல்வியாண்டில் அந்த ஒரு பாடவேளை நான்காக நீண்டது. அதற்குக் காரணம் ஒரு தாள்.

எங்கள் வகுப்பில் மாணவர்களே நடத்தும் சுவரிதழ் ஒன்று உண்டு. மாதம் இருமுறை வரும். கதை, விடுகதை, ஓவியம், பொன்மொழி என்று ஒரு பலகையில் குத்தி வைப்பார்கள். ஒருநாள் காலை அதில் புதிதாக ஒரு தாள் இருந்தது. நான்கே வரிகள். சமூக அறிவியல் பாடவேளையில் கேள்வி கேட்டால் 'அடுத்த வகுப்பில் பார்க்கலாம்' என்று டீச்சர் சொல்கிறார்கள், அந்த அடுத்த வகுப்பு இதுவரை வரவே இல்லை என்பதுதான் செய்தி. எழுதிய மாணவி கீழே தன் பெயரையும் போட்டிருந்தாள்.

படித்ததும் எனக்கு முகம் சூடாகிவிட்டது. தாளை எடுத்து மடித்து மேசை இழுப்பறையில் போட்டேன். "சுவரிதழில் இப்படியெல்லாம் எழுதக் கூடாது" என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அந்த மாணவி தலையைக் குனிந்துகொண்டாள். அதன்பிறகு இரண்டு இதழ்கள் வந்தன. இரண்டிலும் பொன்மொழிகள் மட்டுமே இருந்தன.

ஒரு மாதம் கழித்து அடிப்படை உரிமைகள் பாடம் வந்தது. சுதந்திர உரிமையில் முதலாவதாகப் பேச்சுரிமையையும் கருத்துரிமையையும் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "டீச்சர், அன்னைக்குச் சுவரிதழ்ல இருந்து ஒரு தாளை எடுத்தீங்களே, அது இந்த உரிமையில வருமா?"

வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டேன்: "அடுத்த வகுப்பில் பார்க்கலாம்." வகுப்பே சிரித்தது. அந்த மாணவி மட்டும் சிரிக்கவில்லை.

இந்த முறை அடுத்த வகுப்பு வந்தே ஆக வேண்டும் என்று அன்று மாலை முடிவு செய்தேன்.

சட்டம் எழுதியிருப்பது

முதல் பாடவேளையில் அரசமைப்பின் சொற்களையே மெதுவாகப் படித்தோம். பிரிவு 19(1)(அ), குடிமக்கள் அனைவருக்கும் பேச்சுரிமையும் கருத்து வெளியீட்டு உரிமையும் உண்டு என்கிறது. "அனைவருக்கும் என்றால் பதினெட்டு வயது ஆனவர்களுக்கா?" என்று கேட்டேன். வயது எங்கே இருக்கிறது என்று தேடினார்கள். இல்லை. வாக்களிக்கத்தான் வயது வேண்டும், பேச வேண்டாம். ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலும் குழந்தைகளின் கருத்துரிமை தனியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்தியா 1992இல் அதில் இணைந்தது.

அடுத்து எல்லைகளைப் படித்தோம். பிரிவு 19(2) எட்டுக் காரணங்களைச் சொல்கிறது: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இவற்றுக்காகக் கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் அதை ஒரு சட்டத்தின் மூலம்தான் விதிக்க வேண்டும்; அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும். எட்டையும் பலகையில் எழுதிவிட்டு, "இதில் எது இல்லை?" என்று கேட்டேன். சற்று நேரம் அமைதி. பிறகு முன்வரிசை மாணவி ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "டீச்சருக்குக் கோபம் வர்றது இல்லை." இந்த முறை நானும் சேர்ந்து சிரித்தேன்.

நம்மில் பலர் நினைத்துப் பார்க்காத செய்தி ஒன்று உண்டு. இந்த உரிமை முதன்மையாக அரசுக்கு எதிரான உரிமை. அரசு என்றால் எது என்பதைப் பிரிவு 12 விளக்குகிறது. அரசுப் பள்ளியும் அதற்குள் வரும். அப்படியானால் அந்த வகுப்பறையில் அரசின் கை என்னுடைய கைதான். தாளை எடுத்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை.

நான்கு குழு, நான்கு வழக்கு

இரண்டாவது பாடவேளைக்கு வகுப்பை நான்கு குழுக்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு குழுவிடமும் ஓர் உண்மை வழக்கின் கதையைக் கொடுத்தேன், தீர்ப்பைக் கொடுக்கவில்லை. பதினைந்து நிமிடங்களில் அவர்களே நீதிபதிகளாகித் தீர்ப்பும் அதற்கான காரணமும் எழுத வேண்டும். பிறகு உண்மைத் தீர்ப்பை நான் படிப்பேன்.

முதல் குழுவுக்கு நம் மாநிலத்து வழக்கு. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழை நடத்திவந்தார். மத்திய அரசின் கொள்கைகளைக் கடுமையாக விமர்சித்த இதழ் அது. 1949ஆம் ஆண்டின் பொது ஒழுங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, 1950 மார்ச்சில் அன்றைய சென்னை மாகாண அரசு அந்த இதழ் மாநிலத்துக்குள் வரத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் 1950 மே மாதம் அந்தத் தடையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி. அரசியல் விவாதம் தடையின்றி நடக்காவிட்டால் மக்களாட்சி இயங்க முடியாது என்பது அவர் வாதத்தின் சாரம். இதழ் அச்சானால் மட்டும் போதாது, வாசகர் கைக்குப் போய்ச் சேர்வதும் கருத்துரிமைதான் என்றார்.

கதை அத்துடன் முடியவில்லை என்பதையும் சொன்னேன். 1951இல் அரசமைப்பின் முதல் திருத்தம் வந்தது. 'பொது ஒழுங்கு' உள்ளிட்ட புதிய காரணங்கள் 19(2)இல் சேர்ந்தன. 'நியாயமான' என்ற சொல்லும் அப்போதுதான் அந்த உட்பிரிவுக்குள் வந்தது. கட்டுப்பாடு நியாயமானதா என்று நீதிமன்றங்கள் எடைபோட அந்த ஒரு சொல் வழி செய்தது.

இரண்டாவது குழுவுக்குப் பள்ளி வழக்கு, அமெரிக்காவிலிருந்து. 1965 டிசம்பரில் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரில் சில மாணவர்கள் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்காகக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து பள்ளிக்கு வர முடிவு செய்தார்கள். செய்தி முன்கூட்டியே தெரிந்து, பட்டை அணிந்தால் இடைநீக்கம் என்று பள்ளித் தலைமையாசிரியர்கள் விதி போட்டார்கள். பதின்மூன்று வயது மேரி பெத் டிங்கர் உட்பட சிலர் அணிந்து வந்தார்கள், இடைநீக்கமும் ஆனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1969இல் ஏழு நீதிபதிகள் மாணவர்கள் பக்கமும் இருவர் பள்ளியின் பக்கமும் நின்றார்கள். பள்ளி வாசலில் மாணவரும் ஆசிரியரும் தங்கள் கருத்துரிமையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வருவதில்லை என்பது பெரும்பான்மையின் நிலை. பாடம் நடப்பதைக் குறிப்பிடத்தக்க அளவில் குலைத்தால் பள்ளி தடுக்கலாம். ஏதோ நடந்துவிடுமோ என்ற பொதுவான அச்சம் மட்டும் தடுக்கப் போதாது. மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான ஹியூகோ பிளாக், பள்ளிக் கட்டுப்பாடு குலைந்துவிடும் என்று கவலைப்பட்டார். அந்தக் கவலை நம் எல்லோருக்கும் தெரிந்த கவலைதான்.

மூன்றாவது குழுவுக்குக் கேரளத்தின் பிஜோ இமானுவேல் வழக்கு. நாட்டுப்பண் பாடப்படும்போது மரியாதையாக எழுந்து நின்று, தங்கள் சமய நம்பிக்கையின் காரணமாகப் பாடாமல் இருந்த மூன்று உடன்பிறப்புகள் 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்கள் அவமதிப்பு எதுவும் செய்யவில்லை என்று விசாரணையே சொல்லியிருந்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்க உத்தரவிட்டது. எழுந்து நிற்பதே உரிய மரியாதை என்றும், பாடியே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை என்றும், துறையின் சுற்றறிக்கை சட்டத்துக்கு ஈடாகாது என்றும் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதினார். பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடங்கும் என்பதை அந்தக் குழு தானாகவே கண்டுபிடித்திருந்தது.

பிடிக்காத கருத்துக்கு யார் துணை?

வகுப்பை உண்மையில் உலுக்கியது நான்காவது வழக்கு. 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டை விமர்சித்துப் பொருளாதார அடிப்படையை வலியுறுத்தியது. தணிக்கைக் குழு சான்றிதழ் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியது. படம் வெளியானால் கலவரம் வரும் என்ற வாதமும் எழுந்தது. சென்னை உயர் நீதிமன்றம் சான்றிதழை ரத்து செய்தது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார்.

எங்கள் வகுப்பில் ஏறக்குறைய எல்லோருமே இட ஒதுக்கீட்டால் பயன்பெறப் போகிறவர்கள். நானும் அதன் வழியாகவே படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள். அந்தப் படத்தின் கருத்து எனக்கு உடன்பாடில்லை என்பதை மறைக்காமல் சொன்னேன். குழுவின் தீர்ப்பு ஒருமனதாக வந்தது: படத்தைத் தடை செய்ய வேண்டும். காரணம்: படம் தவறு, சண்டை வரும்.

"சண்டை வரும்னா தடை பண்ணணும்" என்று குழுத்தலைவன் உட்கார்ந்தான். அப்போது வேறொரு குழுவிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "அப்போ யார் கல்லெறிவேன்னு மிரட்டுறாங்களோ அவங்கதானே எப்பவும் ஜெயிப்பாங்க? நாளைக்கு நம்ம பேசும்போது அவங்க கல்லெடுத்தா?"

கேட்டவள் வேறு யாருமில்லை, சுவரிதழில் எழுதிய அதே மாணவிதான். அதுவரை அவள் அந்த மாதம் முழுவதும் வகுப்பில் வாய் திறக்கவில்லை.

1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் ஏறத்தாழ அதுதான். போராட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்தை அடக்கினால் அது மிரட்டுகிறவரிடம் சரணடைவதாகும். ஒழுங்கைக் காப்பது அரசின் கடமை. காக்க முடியவில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறியைப் போல ஒரு பேச்சுக்கும் ஆபத்துக்கும் நேரான, உடனடியான தொடர்பு இருந்தால்தான் தடுக்கலாம். படத்தின் கருத்து சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. அதை எதிர்ப்பவர்களுக்கும் வழி திறந்தே இருக்கிறது: அவர்களும் எழுதலாம், பேசலாம், படம் எடுக்கலாம்.

குழுத்தலைவன் விடவில்லை. "படம் தப்புதானே டீச்சர்?" என்றான். "தப்பு என்று நீ நினைத்தால் ஏன் தப்பு என்று ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வா" என்றேன். மறுநாள் இரண்டு பக்கம் எழுதி வந்தான். இட ஒதுக்கீடு ஏன் வேண்டும் என்பதற்கு என் வகுப்பில் அதுவரை நான் படித்த விடைகளில் அதுவே சிறந்தது. தடை கேட்டு நின்றிருந்தால் அவன் அதை எழுதியிருக்கவே மாட்டான்.

சுவரிதழ்த் தாள் என்ன ஆயிற்று?

மூன்றாவது பாடவேளையில் கடைசி வரிசை மாணவன் மறுபடி எழுந்தான். அவன் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்ல இன்னொரு வழக்கையும் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஹேசல்வுட் என்ற இடத்தில் ஒரு பள்ளி இதழின் இரண்டு பக்கங்களை 1983இல் தலைமையாசிரியர் நீக்கினார். மாணவியரின் கர்ப்பம் பற்றியும் பெற்றோரின் மணமுறிவு பற்றியும் மாணவர்கள் எழுதியிருந்தார்கள். 1988இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் பள்ளிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பாடத்தின் பகுதியாகப் பள்ளியே நடத்தும் இதழில், கல்வி சார்ந்த தக்க காரணம் இருந்தால் பள்ளி கை வைக்கலாம் என்றது.

"அப்போ நீங்க எடுத்தது சரியா டீச்சர்?" என்றான்.

"அந்த நாட்டுச் சட்டப்படி ஒருவேளை முடிந்திருக்கலாம். ஆனால் என்னிடம் கல்வி சார்ந்த காரணம் எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்தது, எடுத்தேன். அது தவறு" என்றேன்.

இறைமாட்சி அதிகாரத்தில் வள்ளுவர், காதுக்குக் கசக்கும் சொல்லையும் பொறுத்துக்கொள்ளும் அரசனைப் போற்றுகிறார். அந்தக் குறளை எத்தனையோ முறை காலை வணக்கக் கூட்டத்தில் சொல்ல வைத்திருக்கிறோம். குறள் அரசனின் குணத்தை நம்புகிறது. அரசமைப்போ, குணம் இல்லாத அரசனும் வரலாம் என்று எண்ணி விதியை எழுதி வைத்திருக்கிறது. இரண்டும் வேண்டும் என்பதை அன்று உணர்ந்தேன். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனால்தான் விதி பேசும். வகுப்பறையில் மடிக்கப்படும் தாளுக்காக யாரும் வழக்குப் போடப்போவதில்லை. அங்கே குணம் மட்டுமே காவல். நம் வகுப்பில் பேசி அடிவாங்காத பிள்ளைதான் நாளை கிராம சபையில் எழுந்து கேட்கும். எதிர்க்கருத்தைக் கேட்டுப் பழகிய பிள்ளைதான் நாளை கல்லைக் கீழே போடும்.

எதுவும் பேசலாமா?

நான்காவது பாடவேளை எல்லைகளுக்கு. "அப்போ அவளோட பட்டப்பெயரைச் சொல்லலாமா? எனக்குக் கருத்துரிமை இருக்கே" என்று ஒருவன் குறும்பாகக் கேட்டதிலிருந்து தொடங்கியது. பத்து வாக்கியங்களை அட்டைகளில் எழுதி, 'போடலாம்', 'திருத்திப் போடலாம்', 'போடக் கூடாது' என்று மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். குடிநீர்க் குழாய் ஒழுகுகிறது, கணக்கு ஆசிரியர் வேகமாக நடத்துகிறார், இன்னார் பணம் திருடினான், நாளை மாலை அவனை வாசலில் அடிப்போம் வாருங்கள், சாதியைச் சொல்லி ஒரு வசை, உருவத்தைக் கேலி செய்யும் ஒரு பட்டப்பெயர் என அவை இருந்தன.

முதல் இரண்டும் உடனே 'போடலாம்' பக்கம் போயின. ஆதாரமில்லாத திருட்டுக் குற்றச்சாட்டு அவதூறு என்றார்கள். அடிக்க அழைப்பது குற்றத்துக்குத் தூண்டுதல். சாதி வசையை ஒருவரும் தொடக்கூட விரும்பவில்லை. அதற்குத் தனிச் சட்டமே இருப்பதைச் சொன்னேன். பட்டப்பெயரில்தான் விவாதம் நீண்டது. சட்டத்தில் அதற்கு நேரான தடை இல்லை என்று சிலர் வாதாடினார்கள். அதிகம் பேசாத ஒரு மாணவன் எழுந்து, "என்னை அப்படிக் கூப்பிட்டா அதுக்கப்புறம் நான் பேசவே மாட்டேன்" என்றான். விவாதம் அங்கே முடிந்தது. ஒருவரைப் பேசவிடாமல் செய்யும் பேச்சைச் சுவரிதழில் போடுவதில்லை என்று அவர்களே தீர்மானித்தார்கள். மாணவரைத் திட்டக் கூடாது, குறையைச் சொல்லலாம் என்று இன்னொரு விதியும் எழுதினார்கள்.

முயன்று பார்க்கும் ஆசிரியர்களுக்கு

தீர்ப்பை முதலில் சொல்லிவிடாதீர்கள். மாணவர்கள் தாங்களே தீர்ப்பெழுதி, பிறகு ஒப்பிடும்போதுதான் காரணங்கள் மனத்தில் நிற்கின்றன.

விவாதத்தில் ஒருவர் மறுப்பதற்கு முன், எதிர்த்தரப்பு சொன்னதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் "ஆமாம், அதைத்தான் சொன்னேன்" என்றபின் மறுக்கலாம். இது நேரம் பிடிக்கும். ஆனால் கத்தல் குறைகிறது.

உங்கள் சொந்தக் கருத்தை மறைக்க வேண்டாம். அதற்கு எதிராகப் பேசிய மாணவருக்கு மதிப்பெண்ணிலோ முகத்திலோ எதுவும் குறையாது என்பதை அவர்கள் காணும்படி நடந்துகொண்டால் போதும்.

தொடக்க வகுப்புகளுக்கு வழக்குகள் வேண்டாம். 'இன்றைய வகுப்பில் எனக்குப் பிடிக்காதது ஒன்று' என்று வாரம் ஒருமுறை சொல்ல வைத்து, அதில் ஒன்றையாவது மாற்றிக் காட்டுங்கள்.

பிறகு நடந்தது

இழுப்பறையில் இருந்த தாளை அந்த மாணவியிடம் கொடுத்து, மறுபடி குத்தி வைக்கச் சொன்னேன். "வேண்டாம் டீச்சர், அது பழசாயிடுச்சு. புதுசா எழுதுறேன்" என்றாள். அடுத்த இதழில் எழுதினாள். இம்முறை என்னைப் பற்றி இல்லை. மாணவியர் கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் உடைந்து பல வாரங்களாகிறது, ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே காவல் நிற்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் என்னை அழைத்தார். "ஆய்வுக்கு வரும் நேரத்தில் இது வேண்டுமா, டீச்சர்? எடுத்துவிடுங்களேன்" என்றார். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் எடுத்திருப்பேன். "பக்கத்திலேயே உங்கள் பதிலையும் குத்திவிடலாம் சார்" என்றேன். சற்று யோசித்தார். மறுநாள் அவர் கையெழுத்துடன் ஒரு சிறு தாள் பலகையில் இருந்தது. அந்த வாரத்துக்குள் தாழ்ப்பாளும் மாறியது. தாழ்ப்பாள் உடைந்தது எங்களில் ஒருவருக்கும் அதுவரை தெரியாது. யாரும் சொல்லவில்லை, நாங்களும் சொல்லும்படி வைத்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்னும் சிலர் பெயர் போடாமல்தான் எழுதுகிறார்கள். கரும்பலகையின் வலது மூலையில் 'அடுத்த வகுப்பு' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். தள்ளி வைக்கும் கேள்விகளைத் தேதியுடன் அதில் எழுதுகிறேன், பதில் சொன்னபின் அழிக்கிறேன். இதை எழுதும் இன்று அதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஒன்றின் தேதி பதினோரு நாள் பழையது. நேற்று அதைக் கடைசி வரிசை மாணவன் எண்ணிச் சொன்னான்.